மாமூல், தகுதி, பிறப்பு: பிரிட்டிஷ் - அமெரிக்கப் பழமைவாதத்தைப் புதுச்சேரியிலிருந்து வாசித்தல்

"ஏன் தோழர், நம்ம ஊர்ப் பேரு வச்சிருக்கிறவங்க அங்க போயி அவங்க பக்கமே நின்னு பேசுறாங்க?" கூட்டம் முடிந்து தேநீர்க் கடையில் நின்றுகொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் கேட்டார். அவர் கையிலிருந்த செல்பேசியில் விவேக் ராமசாமி ஆங்கிலத்தில் பொரிந்துகொண்டிருந்தார். கூட இருந்த இன்னொரு நண்பருக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. "எந்தப் பக்கம் நின்னா என்னங்க, பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பையன் அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளர் ஆகறதுக்கே போட்டி போட்டான்ல, அது பெருமைதானே?" என்றார்.

முதலாமவருக்கு அது துரோகம், இரண்டாமவருக்குப் பெருமை. சண்டை போட்டுக்கொண்டாலும் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். ஒருவரின் பேச்சை அவர் பிறப்பு தீர்மானிக்க வேண்டும் என்று இருவருமே எதிர்பார்க்கிறார்கள். இந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து வருகிறது என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இன்று ஓங்கி ஒலிக்கும் பழமைவாதச் சொல்லாடல் எப்படி வேலை செய்கிறது என்று விளக்குவதுதான் இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு இலண்டனிலிருந்தோ வாஷிங்டனிலிருந்தோ தொடங்க வேண்டியதில்லை. அந்தச் சொல்லாடலுக்கு இரண்டு நாக்குகள். ஒன்று 'தகுதி' என்று பேசும், மற்றது 'பிறப்பு' என்று பேசும். இரண்டையும் நூற்றைம்பது ஆண்டுகளாகக் கேட்டுவரும் ஊர் இது.

1. மாமூல்

மேற்கில் பழமைவாதத்தின் மூலவர் என்று எட்மண்ட் பர்க்கைச் சொல்வார்கள். பிரெஞ்சுப் புரட்சி வெடித்த மறு ஆண்டே, 1790இல், அதை எதிர்த்து அவர் நூல் எழுதினார். சமூகம் என்பது பகுத்தறிவை வைத்துப் பிரித்துப்போட்டு மறுபடி பூட்டக்கூடிய எந்திரம் அல்ல; பல தலைமுறைகளின் பட்டறிவு பழக்கவழக்கங்களில் படிந்திருக்கிறது; செத்தவர், இருப்பவர், இனிப் பிறக்கப்போகிறவர் மூவருக்கும் இடையிலான கூட்டுதான் சமூகம்; அதை ஒரே நாளில் உடைத்தால் ரத்தம்தான் மிஞ்சும் என்பது அவர் வாதம். முட்டாள்தனமான வாதம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. புரட்சிகள் நடந்துவந்த தடத்தைப் பார்த்த நமக்கு அது தெரியும்.

அதே பர்க்தான் 1785 பிப்ரவரியில் ஆற்காட்டு நவாபின் கடன்கள் பற்றி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசினார். கும்பினி ஊழியர்களே வட்டிக்காரர்களாகி நம் நிலத்தை எப்படிச் சூறையாடினார்கள் என்று அம்பலப்படுத்தினார். வாரன் ஹேஸ்டிங்ஸை விசாரணைக் கூண்டில் நிறுத்தியவர்களில் முதன்மையானவரும் அவரே. 1788 முதல் 1795 வரை நடந்த அந்த விசாரணையில் ஹேஸ்டிங்ஸ் விடுவிக்கப்பட்டார் என்பது வேறு விஷயம். பழமைவாதத்தின் தந்தை காலனியக் கொள்ளையை எதிர்த்துப் பேசியதில் முரண் ஏதுமில்லை. பழைய சமூகம் ஒன்றைக் கும்பினி பிய்த்துப்போடுகிறது என்பதுதான் அவருடைய கோபம். 'அவரவர் மரபு அவரவருக்கு' என்பது பழமைவாதத்தின் நல்ல முகம்.

ஆனால் அந்த மரபுக்குள்ளே யார் தோளில் பாரம், யார் பல்லக்கில் என்ற கேள்வி இந்த அனுதாபத்துக்குள் எழுவதில்லை.

புதுச்சேரியில் இதன் பெயர் 'மாமூல்'. இங்கிருக்கும் இந்தியர்களை அவரவர் சாதி வழக்கங்களின்படியே விசாரிப்போம் என்று 1819 ஜனவரி 6ஆம் தேதிய ஒழுங்குமுறையில் பிரெஞ்சு நிர்வாகம் உறுதி தந்தது. பழக்கவழக்கத்தைக் குறிக்க 'மாமூல்' என்ற நம் ஊர்ச் சொல்லையே பிரெஞ்சு ஆவணங்கள் எடுத்துக்கொண்டன. பாரிசில் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம், புதுச்சேரியில் மாமூல். இன்று மாமூல் என்றால் கடைக்காரர் போலீஸ்காரருக்குத் தரும் காசு. அர்த்தம் ரொம்ப தூரம் போய்விடவில்லை. ஒருவர் வாங்கிக்கொண்டே இருப்பதும் இன்னொருவர் கொடுத்தே தீரவேண்டியதும்தான் அன்றும் இன்றும் மாமூல்.

2. செருப்பும் பட்டியலும்

1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பிய உடையும் காலில் ஷூவுமாகப் புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் வந்தார். இந்திய வழக்கறிஞர் இந்திய உடையில் வெறுங்காலோடுதான் வர வேண்டும் என்பது மாமூல். அவர்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. அவர் விடவில்லை. வழக்கு பாரிஸ் வரை போய் அவர் பக்கம் தீர்ப்பானது.

1881 செப்டம்பர் 21இல் ஓர் அரசாணை வந்தது. சாதி, மதம் சார்ந்த தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்பவர்கள் பிரெஞ்சுக்காரருக்குச் சமமாக நடத்தப்படுவார்கள், அவர்கள் குடும்பப்பெயர் ஒன்றையும் சூடிக்கொள்ள வேண்டும். இவர்கள்தாம் 'ரெனோன்சான்', அதாவது துறந்தவர்கள். பொன்னுத்தம்பி சூடிக்கொண்ட பெயர் 'லபோர்த்', கதவு என்று பொருள். கதவைத் திறந்து உள்ளே போனவர்களில் கிறித்துவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் அதிகம். அவர்களுக்கு அது வெறும் சட்டச் சடங்கு அல்ல. சாதிப்பெயர் இல்லாத ஒரு பெயரை எழுதிக் கையெழுத்துப் போடுவது என்றால் என்ன என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

எதிர்த்தரப்பில் நின்றவர் நாடு சண்முக வேலாயுத முதலியார். துறவு இயக்கத்துக்கு எதிராக மாமூலைக் காக்கும் கட்சியை அவர் நடத்தினார். கவனிக்க வேண்டியது அவர் ஏந்திய ஆயுதம். 1870களிலிருந்தே பிரெஞ்சிந்தியாவில் ஆண்களுக்கு வாக்குரிமை இருந்தது. அந்தக் குடியரசு வாக்குச்சீட்டை வைத்துக்கொண்டு சாதி வழக்கத்தைக் காப்பாற்றும் பெரும்பான்மையை அவர் திரட்டினார், பல ஆண்டுகள் இந்த ஊர் அரசியலையே கையில் வைத்திருந்தார். பழமைவாதம் ஜனநாயகத்துக்குப் பயப்படும் என்று நாம் சும்மா நினைத்துக்கொள்கிறோம். அது ஜனநாயகத்தை நன்றாகவே பயன்படுத்தத் தெரிந்தது. இன்றைய அமெரிக்காவைப் புரிந்துகொள்ள இந்த ஒரு பாடமே பாதி உதவும்.

துறந்தவர்களுக்கு என்ன ஆனது? 1884இல் வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள். முதல் பட்டியலில் ஐரோப்பியர், இரண்டாவதில் துறந்தவர்கள், மூன்றாவதில் துறக்காதவர்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தால் சமம் என்று கூப்பிட்டவர்கள், வந்தபின் தனியாக ஒரு வரிசை போட்டு நிற்கவைத்தார்கள். 1899இல் பட்டியல்கள் இரண்டாகச் சுருங்கின. துறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தது ஐரோப்பியரின் பட்டியலில் அல்ல, உள்ளூர்க்காரர்களின் பட்டியலில்தான். கதவுக்கு உள்ளே இன்னொரு கதவு இருந்தது. 'உன் கொள்கையை மாற்றிக்கொள், நீ எங்களில் ஒருவன்' என்பது வாசலில் நின்று பேசும் நாக்கு. 'நீ எங்கே பிறந்தாய்?' என்பது உள்ளறையின் நாக்கு. இந்த 'இரண்டாவது பட்டியலை' நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இலண்டனில் மறுபடி வரும்.

3. சென்னை, 1951 - 1953

'தகுதி' என்ற நாக்கு அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானது என்று பலர் நினைக்கிறார்கள். நடந்தது கிட்டத்தட்ட தலைகீழ்.

சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணைப்படி அரசுக் கல்லூரிகளின் ஒவ்வொரு 14 இடமும் இப்படிப் பிரிக்கப்பட்டது: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு (ஆணையின் சொல்) 2, ஆங்கிலோ இந்தியர், இந்தியக் கிறித்துவர் இருவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. இதை எதிர்த்து, மருத்துவக் கல்லூரியில் தனக்கு இடம் கிடைக்காது என்று செண்பகம் துரைராஜன் வழக்குத் தொடுத்தார். பிராமணர் என்ற பிறப்பின் காரணத்தாலேயே தன் வாய்ப்பு மறுக்கப்படுகிறது, அரசமைப்பின் முன் தனிமனிதர் மட்டுமே உண்டு, சாதி இல்லை என்பது வாதம். அவர் அக்கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. 1950 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றமும் 1951 ஏப்ரல் 9இல் உச்சநீதிமன்றமும் வகுப்புவாரி ஆணை செல்லாது என்றன. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் தெருவில் இறங்கினார்கள். அந்த ஜூன் மாதமே அரசமைப்பின் முதல் திருத்தம் வந்து 15(4) சேர்ந்தது.

சரி, பிறப்பைப் பார்க்கக்கூடாது என்பதுதானே வாதம்? இரண்டே வருடம் கழித்து, 1953இல், அதே சென்னையில் முதலமைச்சர் ராஜாஜி புதிய தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். கிராமத்துக் குழந்தைகள் அரைநாள் பள்ளியில் படிக்க வேண்டும், மீதி அரைநாள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். பள்ளிகளும் பணமும் போதவில்லை, இருக்கும் கட்டடத்தில் இருமடங்குப் பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம் என்பது அவர் சொன்ன நியாயம். எதிரிகள் அதற்கு வைத்த பெயர்தான் நிலைத்தது: குலக்கல்வி. 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்தார், திட்டம் போனது.

மருத்துவக் கல்லூரி வாசலில் 'பிறப்பைப் பார்க்காதே', குயவர் வீட்டுப் பிள்ளையிடம் 'உன் பிறப்பைப் பார்'. ஒரே ஊர், இரண்டு வருட இடைவெளி. இரண்டையும் பேசியது ஒரே வாய் என்று நான் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே சமயத்தில் நியாயம் என்று உணரக்கூடிய ஒரு கருத்தியல் இருந்தது என்பதே முக்கியம். கீழே இருப்பவன் பங்கு கேட்டால் தகுதி பேசு. அவன் இருக்குமிடத்திலேயே இருக்க வேண்டுமென்றால் பிறப்பு பேசு. பழமைவாதத்தின் இலக்கணம் இவ்வளவுதான். அமெரிக்க அரசியல் சிந்தனையாளர் கோரி ராபின் 2011இல் வெளியான தன் நூலில், கீழே இருப்பவர்கள் எழுந்துவரும்போது மேலே இருப்பவர்களுக்கு ஏற்படும் இழப்புணர்விலிருந்து பிறக்கும் சிந்தனையே பழமைவாதம் என்று விளக்கினார். நமக்கு இது புதுச் செய்தியாகப் படாததில் வியப்பில்லை.

4. அமெரிக்கா: தகுதியின் நாக்கு

சென்னை வழக்குக்கு 27 ஆண்டுகள் கழித்து, 1978இல், அமெரிக்க உச்சநீதிமன்றத்தில் ஒரு வழக்கு தீர்ப்பானது. அதுவும் மருத்துவக் கல்லூரிதான். கலிஃபோர்னியாவின் டேவிஸ் வளாகத்தில் 100 இடங்களில் 16ஐச் சிறுபான்மையினருக்கு ஒதுக்கியதை எதிர்த்து ஆலன் பாக்கி என்ற வெள்ளையர் வழக்குப் போட்டிருந்தார். ஒதுக்கீடு கூடாது, ஆனால் இனத்தையும் பல காரணிகளில் ஒன்றாகப் பார்க்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது. 2023 ஜூன் 29இல் ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழகங்கள் மீதான வழக்கில் அந்தச் சின்ன ஜன்னலும் மூடப்பட்டது. அந்த வழக்கில் பாதிக்கப்பட்டவர்களாக முன்னிறுத்தப்பட்டவர்கள் வெள்ளையர்கள் அல்ல, ஆசிய வம்சாவளி மாணவர்கள். கறுப்பருக்கும் ஆசியருக்கும் நடுவே 'தகுதி' என்ற கோடு இழுக்கப்பட்டது.

இத்தீர்ப்புகளைச் சுற்றி ஒரு சொல் சுழன்றுகொண்டே இருக்கும்: அரசமைப்புக்கு நிறம் தெரியாது. 1896இல் நீதிபதி ஹார்லன் இதைச் சொன்னபோது, கறுப்பரைத் தனி ரயில் பெட்டியில் ஏற்றும் சட்டத்தை எதிர்த்துச் சொன்னார். அதே பத்தியில், வெள்ளை இனமே ஆதிக்க இனமாக நீடிக்கும் என்றும் எழுதினார். ஆக நிறம் பார்க்காத கண் பிறந்த பத்தியிலேயே நிறமும் இருந்தது.

'வோக்' என்ற வசவும் இப்படிப்பட்டதே. விழித்திரு என்பது கறுப்பின மக்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட எச்சரிக்கை. பொய்வழக்கில் சிக்கவைக்கப்பட்ட ஒன்பது கறுப்பின இளைஞர்கள் பற்றிய பாட்டின் 1938 ஒலிப்பதிவில் பாடகர் லெட் பெல்லி இந்த எச்சரிக்கையைச் சொல்கிறார். 2020களில் அதே சொல் பழமைவாதிகளின் வாயில் கேலிச்சொல்லாகிவிட்டது. இங்கே 'போராளி' என்ற சொல்லுக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள்: "வந்துட்டாரு பாரு போராளி." ஒரு சொல்லைத் தடைசெய்ய வேண்டியதில்லை, அதைச் சொல்ல ஆள் கூச்சப்படும்படி செய்தால் போதும்.

விவேக் ராமசாமி இந்த இடத்தில் வருகிறார். 1985இல் சின்சினாட்டியில் பிறந்தவர், மருந்துத் தொழில் முதலாளி. 2021இல் வெளிவந்த அவருடைய முதல் நூல் பெருநிறுவனங்களின் 'வோக்' வேடத்தைத் தாக்கியது. அதில் பாதி உண்மை இருக்கிறது. சங்கம் வைக்கவிடாத நிறுவனம் வானவில் கொடி ஏற்றுவது வேடம்தான், அதை நாமும் சொல்வோம். ஆனால் அவர் அங்கிருந்து தொழிற்சங்கத்துக்குப் போகவில்லை, தகுதிக்குப் போகிறார். இனம் பாராத தகுதியே அமெரிக்கா என்கிறார். குடியரசுக் கட்சியின் வேட்பாளராகப் போட்டியிட்டு 2024 ஜனவரியில் விலகி டிரம்பை ஆதரித்தார்.

2024 மே மாதம் அவர் தன் ஒலி நிகழ்ச்சிக்கு ஆன் கோல்டர் என்ற பழமைவாத எழுத்தாளரை அழைத்திருந்தார். உங்கள் கருத்துகள் பலவற்றை ஏற்கிறேன், ஆனாலும் உங்களுக்கு வாக்களித்திருக்க மாட்டேன், ஏனென்றால் நீங்கள் இந்தியர் என்று அந்த அம்மையார் முகத்துக்கு நேரே சொன்னார். உள்ளறையின் நாக்கு வாசலுக்கே வந்துவிட்டது.

அந்த டிசம்பரில், சென்னையில் பிறந்து செங்கல்பட்டுப் பக்கம் பொறியியல் படித்த ஸ்ரீராம் கிருஷ்ணனைச் செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஆலோசகராக டிரம்ப் அறிவித்தார். டிரம்பின் சொந்த ஆதரவாளர்கள் கொதித்தார்கள், ஹெச்-1பி விசா பெரும் சண்டையானது. அமெரிக்கக் கலாச்சாரம் சிறப்பைவிட்டுச் சராசரியைக் கொண்டாடுகிறது, கணிதப் போட்டியில் வென்றவனைவிட நடன விருந்து ராணியைத்தான் தூக்கிவைக்கிறது என்று ராமசாமி எழுதினார். தகுதியின் நாக்கு முதன்முறையாக வெள்ளையரை நோக்கித் திரும்பியது. உடனே பதில் வந்தது, பிறப்பின் நாக்கில். கறுப்பரைப் பார்த்துத் தகுதி பேசியபோது கைதட்டிய அதே கூட்டம்தான் இது.

2025 ஜனவரி 20இல் பதவியேற்ற அன்றே டிரம்ப், தற்காலிக விசாவில் இருப்பவர்களின் குழந்தைகளுக்குப் பிறப்பால் வரும் குடியுரிமையை மறுக்கும் ஆணையில் கையெழுத்திட்டார், அது நீதிமன்றங்களில் எதிர்க்கப்பட்டது. அதே நாட்களில் அரசு நிறுவனங்களில் பன்மைத்துவத் திட்டங்களை ஒழிக்கும் ஆணைகளும் வந்தன. செப்டம்பரில் புதிய ஹெச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. தகுதி பேசி ஒரு வாசலை மூடியவர்கள் பிறப்பு பேசி அடுத்த வாசலையும் மூடினார்கள். 2025 டிசம்பரில் ராமசாமியே 'பரம்பரை அமெரிக்கர்' என்ற கருத்தை எதிர்த்து எழுதவும் பேசவும் வேண்டியதாயிற்று. அமெரிக்கர் ஆவது குருதியால் அல்ல, கொள்கையால் என்றார். 1884இன் இரண்டாவது பட்டியலில் நின்ற ஒரு ரெனோன்சானும் இதையேதான் சொல்லியிருப்பார்.

5. பிரிட்டன்: பிறப்பின் நாக்கு

பிரிட்டனின் கதை 1968இல் தொடங்குகிறது. சுதந்திரமடைந்த கென்யாவில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர் பலரிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தது. அங்கே நெருக்கடி வந்தபோது அவர்கள் இலண்டனுக்கு விமானம் ஏறினார்கள். மார்ச் 1இல் அவசர அவசரமாக ஒரு சட்டம் நிறைவேறியது. பாஸ்போர்ட் போதாது, பெற்றோரோ பாட்டன் பாட்டியோ பிரிட்டனோடு பிறப்பால் தொடர்புடையவராக இருந்தால்தான் தடையின்றி நுழையலாம். கொண்டுவந்தது பழமைவாதக் கட்சியல்ல, தொழிற்கட்சி அரசு. அடுத்த மாதம், ஏப்ரல் 20இல், பர்மிங்காமில் ஈனக் பவல் குடியேற்றத்துக்கு எதிராக, ரத்தம் ஓடும் நதியை நினைவூட்டிப் பேசினார். இளமையில் இந்தியாவில் ராணுவப் பணியிலிருந்து உருது கற்று, இந்திய வைஸ்ராய் ஆகும் கனவு கண்டவர் அவர். நாம் அவர் ஆளும் இடத்தில் இருக்கலாம், அவர் தெருவில் இருக்கக்கூடாது.

அந்தச் சட்டம் வருவதற்குச் சற்று முன், 1968 பிப்ரவரியில், கென்யாவிலிருந்து ஒருவழிப் பயணச்சீட்டோடு இலண்டனில் வந்திறங்கிய ஓர் இளைஞரின் மகள்தான் சுவெல்லா பிரேவர்மன். தாய் மொரீஷியசின் தமிழ் இந்துக் குடும்பத்தவர். மொரீஷியஸ் நமக்கு அந்நியம் அல்ல. அத்தீவு பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்கள் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். பின்னர் பிரிட்டிஷ் காலத்தில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் போனார்கள்.

பிரேவர்மன் 2022, 2023 ஆண்டுகளில் பிரிட்டனின் உள்துறை அமைச்சர். சிறு படகுகளில் வரும் அகதிகளைப் படையெடுப்பு என்று 2022 அக்டோபரில் நாடாளுமன்றத்தில் வருணித்தார். அகதிகளை ருவாண்டாவுக்கு விமானமேற்றுவது தன் கனவு என்றார். தன் பெற்றோரைக் கொண்டுவந்த காற்று வெறும் இளங்காற்று, இனி வரப்போவது சூறாவளி என்று 2023இல் கட்சி மாநாட்டில் பேசினார். அவருக்கு இதில் முரண் தெரியவில்லை. தன் பெற்றோர் முறையாக வந்தவர்கள், பேரரசை நேசித்தவர்கள். கதவு திறந்திருந்தபோது உள்ளே வந்துவிட்டால், கதவைச் சாத்துவதே விசுவாசத்தின் நிரூபணம் ஆகிவிடுகிறது. இதைத் தனிமனிதத் துரோகம் என்று பார்த்தால் கட்டமைப்பு கண்ணில் படாது. இரண்டாவது பட்டியலில் நிற்பவருக்கு முதல் பட்டியல் தரும் வேலை இது: மூன்றாவது பட்டியலைத் தள்ளிப்பிடி.

அந்த மூன்றாவது பட்டியலில் இருந்தது யார்? 2021 அக்டோபரில், கனடாவை நோக்கிப் போன படகு தத்தளித்து, குழந்தைகள் உள்பட இலங்கைத் தமிழர்கள் பல பத்துப் பேர் டியாகோ கார்சியா தீவில் கரைசேர்க்கப்பட்டார்கள். 1965இல் மொரீஷியசிலிருந்து பிரிட்டன் பிய்த்தெடுத்த சாகோஸ் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்தது அது. ராணுவத் தளம் கட்டுவதற்காக அங்கே வாழ்ந்த மக்கள் 1968க்கும் 1973க்கும் இடையில் வெளியேற்றப்பட்டார்கள். ஆக மொரீஷியசின் பிள்ளைகள் விரட்டப்பட்ட தீவில் ஈழத்துப் பிள்ளைகள் அடைபட்டார்கள், வேலிக்குள் கூடாரங்களில் மூன்று ஆண்டுகளுக்கு மேல். அத்தீவு உள்துறையின் கீழ் அல்ல, வெளியுறவுத் துறையின் கீழ் வருகிறது. இதற்குப் பிரேவர்மனை நேரடிப் பொறுப்பாளியாக்குவது நேர்மையாகாது. ஆனால் 'படையெடுப்பு' என்ற சொல் ஒலித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில்தான் அவர்கள் கூடாரங்களில் கிடந்தார்கள். 2024 டிசம்பரில் அவர்களில் பெரும்பாலோர் பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களை அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்று அப்பிரதேசத்தின் நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

2025 பிப்ரவரியில் இந்தக் கதையின் கடைசித் திருப்பம். ரிஷி சுனக் ஆங்கிலேயரா இல்லையா என்று அங்கே ஒரு சர்ச்சை எழுந்தது. அதையொட்டிப் பிரேவர்மன் எழுதினார்: தான் பிரிட்டிஷ்காரர்தான், ஆனால் ஆங்கிலேயர் அல்ல, ஒருநாளும் ஆக முடியாது, ஆங்கிலேயர் என்பது வம்சத்திலும் மண்ணிலும் வேர்கொண்டது. யாரும் அவரைப் பிடித்துத் தள்ளவில்லை. தன் பெயரை இரண்டாவது பட்டியலில் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

6. வந்தேறி

இனி நம் வீடு.

அமெரிக்காவில் சாதி பற்றிப் பேசத் தொடங்கியபோது தகுதியின் நாக்கை எடுத்தவர்கள் நம்மவர்கள்தாம். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. கலிஃபோர்னியா சட்டமன்றமும் அப்படியொரு மசோதாவை நிறைவேற்றியது. சாதி என்று பெயர் சொல்வதே இந்துக்களுக்கு எதிரான பாகுபாடு என்று அங்கிருக்கும் சில அமைப்புகள் எதிர்த்தன. 'நிறம் தெரியாத' கண்ணுக்குப் பக்கத்தில் 'சாதி தெரியாத' கண்ணும் சேர்ந்தது. அக்டோபரில் ஆளுநர் நியூசம் மசோதாவை நிராகரித்தார். அவர் பழமைவாதி அல்லர், ஜனநாயகக் கட்சிக்காரர். 1968இல் தொழிற்கட்சி, 2023இல் ஜனநாயகக் கட்சி. இந்தச் சொல்லாடலைக் கட்சிச் சின்னத்தை வைத்து அடையாளம் காண முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இதுவரை படித்துவிட்டு 'சரியாச் சொன்னீங்க தோழர்' என்று தலையாட்டினால் கட்டுரை தோற்றுப்போகும். ஏனென்றால் பிறப்பின் நாக்கு நம் வாயிலும் இருக்கிறது. 'வந்தேறி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் மேடைகளில், நம் தோழமை இயக்கங்களில்கூட, அது எவ்வளவு எளிதாக வந்து விழுகிறது! நான்கு தலைமுறைக்கு முன் வந்தவரையும் நேற்று ரயிலில் வந்திறங்கியவரையும் ஒரே சொல்லால் அடிக்கிறோம். புதுச்சேரித் தொழிற்பேட்டையிலும் திருப்பூர்ப் பனியன் கம்பெனியிலும் வேலைசெய்யும் பீகார், ஒடிசா தொழிலாளியை 'வடக்கன்' என்கிறோம். 2023 மார்ச்சில் அவர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொலிகள் பரவின. அந்தப் பொய் அவ்வளவு வேகமாக நம்பப்பட்டதற்கு நாம் நாள்தோறும் பேசும் பேச்சும் ஒரு காரணம் இல்லையா?

ஒரு மறுப்பு வரும். "நாங்க ஒடுக்கப்பட்ட இனம், எங்க மண்ணப் பத்தி நாங்க பேசறதும் பவல் பேசறதும் ஒண்ணா?" ஒன்றல்ல. இந்தியும் ஒன்றியமும் மேலிருந்து அழுத்தும்போது மொழியையும் நிலத்தையும் காப்பது எதிர்ப்பு அரசியல், அதில் எனக்குச் சந்தேகமில்லை. யாரை நோக்கிப் பேசுகிறோம் என்பதைப் பாருங்கள். மேலே இருக்கும் அதிகாரத்தை நோக்கி 'இது எங்கள் மண்' என்பது ஒன்று. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலைசெய்துவிட்டுத் தகரக் கொட்டகையில் படுக்கும் கூலிக்காரனை நோக்கி அதையே சொல்வது இன்னொன்று. இரண்டாவது இடத்தில் நாம் முதல் பட்டியல்காரர்கள். அவனுக்குக் குறைந்த கூலி கொடுத்து இங்கிருக்கும் தொழிலாளியை வெளியே தள்ளும் முதலாளிக்கு நம் சொல் ஒரு காசும் செலவு வைப்பதில்லை.

சிறுபத்திரிகைக்காரர்களான நம்மீதும் ஒரு கேள்வி உண்டு. 1990களில் நாம் பெருங்கதையாடல்களைக் கட்டுடைத்தோம், எல்லாருக்கும் பொதுவான மனிதன் என்பது ஓர் ஏமாற்று என்றோம், வேறுபாட்டைக் கொண்டாடினோம். அது தேவையாக இருந்தது, தலித் அரசியலுக்கும் பெண்ணியத்துக்கும் அது இடம் உண்டாக்கியது. இன்று ஐரோப்பிய வலதுசாரி அதே மொழியில் பேசுகிறான்: ஒவ்வொரு பண்பாடும் வேறு, ஆகவே அவரவர் அவரவர் இடத்தில் இருங்கள். வேறுபாட்டின் அரசியலைச் சமத்துவத்திலிருந்து கழற்றிவிட்டால் மிஞ்சுவது மாமூல்தான். பொன்னுத்தம்பி ஷூ போட்டது ஐரோப்பியப் பண்பாட்டுக்கு அடிமையானதாலா? 'வெறுங்கால்தான் உன் பண்பாடு' என்று அடுத்தவன் தீர்மானிக்கக்கூடாது என்பதாலா? நம் பழைய கோட்பாட்டுப் பெட்டியில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. தேடத்தான் வேண்டும்.

தேநீர்க் கடை நண்பர்களிடம் திரும்புவோம். ராமசாமியும் பிரேவர்மனும் நமக்குத் துரோகம் செய்யவில்லை, அவர்கள் நமக்கு எதையும் வாக்குத் தந்திருக்கவில்லை. அவர்களால் நமக்குப் பெருமையும் இல்லை. துரோகி என்றாலும் பெருமை என்றாலும் குருதிக் கணக்கைத்தான் எழுதுகிறோம், அந்தக் கணக்கில் கோல்டர் நம்மைவிடக் கெட்டிக்காரர். யார் பேசுகிறார் என்பதை விட்டுவிட்டு, எந்த வாசலில் நின்று எந்த நாக்கில் யாரை நோக்கிப் பேசுகிறார் என்று கேட்கப் பழகுவோம். அந்தக் கேள்வியை அமெரிக்காவிடம் கேட்பது சுலபம். தொழிற்பேட்டை வாசலில் நின்று நம்மிடமே கேட்டுக்கொள்வதுதான் கஷ்டம். அங்கிருந்து விவாதத்தைத் தொடங்கலாம்.